வெளுத்ததெல்லாம் பாலாகுமா?

வானொலிப் பெட்டி ஒன்று வீட்டிற்கு வந்துவிட்டால் அதற்கெனத் தனி மேசை போட்டு, பூவேலை செய்த துணியால் மூடி, வீட்டில் ஒருவரைப் போலவே அதனைப் பேணிய காலம் ஒன்றிருந்தது. அக்காலத்துப் பெட்டிகளுட் பல மரத்தால் ஆனவை. வேறு பல பேக்கலைற்று என்னும் செயற்கைப் பொருளால் ஆனவை. பெல்ஜியத்திற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய லியோ பேக்லண்ட் என்னும் இரசாயன அறிஞர் 1907ஆம் ஆண்டில் ஆக்கிய பொருள் அது. உறுதியிற் குறைவில்லை, ஆனால் நிறத்தில் அது பெரும்பாலும் கறுப்பாகவோ கபிலமாகவோதான் இருந்தது. அழகிய நிறங்களை விரும்பியோருக்காக 1930களிலும் 1940களிலும் கட்டலின் என்னும் மற்றொரு பிசினால் வானொலிப் பெட்டிகள் செய்யப்பட்டன. வெள்ளை, நீலம், பச்சை, சிவப்பு என அவை கடைகளில் ஒளிவீசின.

இன்று அப்பெட்டிகளைக் காண்போர் வியப்படைவர். வெள்ளையாகப் பிறந்தவை வெண்ணெய் நிறமும் தேன் நிறமும் பெற்றுவிட்டன. நீலமாகப் பிறந்தவை பச்சையாகத் தோன்றுகின்றன; நீலத்தின்மேல் மஞ்சள் படிந்தாற் பச்சையல்லவா தோன்றும்! பழையன திருத்துவோர் சிலர் உப்புத்தாளால் மேற்பரப்பைத் தேய்த்து, உள்ளே மறைந்திருக்கும் பழைய வெண்மையை வெளிக்கொணர்வதுண்டு. ஆனால் அவ்வெண்மையும் நிலைப்பதில்லை. ஒளியும் காற்றும் பட்ட புதிய மேற்பரப்பு மீண்டும் மஞ்சளாகிறது. தேய்த்த பொருளோ தேய்ந்தது தேய்ந்ததுதான்.

இந்தப் பழைய கதையே இன்று வேறொரு வடிவில் மீண்டும் நடைபெறுகின்றது. 1980களிலும் 1990களிலும் வெளிவந்த வீட்டுக் கணினிகள், விளையாட்டுக் கருவிகள், விசைப்பலகைகள் ஆகியவை இப்போது சேகரிப்போர் தேடும் பழம்பொருள்களாகிவிட்டன. 1984இல் வந்த அப்பிள் மக்கின்ரொஷ், 1987இல் வந்த கொமடோர் அமிகா 500, 1990இல் யப்பானில் வெளியான நின்ரென்டோவின் சூப்பர் பமிக்கொம் போன்றவை வெளிர்நிறப் பெட்டிகளுடன் பிறந்தவை. அவற்றுட் பல இன்று பழைய புத்தகத்தாளின் நிறத்தை அடைந்துள்ளன. அவற்றை வெளுக்கச் செய்யும் முறை ஒன்றும் பரவியுள்ளது. அம்முறை உண்மையிற் பயன் தருவதா? தருமாயின் அப்பயன் எத்துணைக் காலம் நிலைக்கும்? வெளுத்த பின் அப்பொருளுக்கு நேர்வது யாது? இவை ஆராயத்தக்க வினாக்கள்.

முதலில் அப்பெட்டிகள் எதனால் ஆனவை என்பதை அறிதல் வேண்டும். ஏ.பி.எஸ். எனச் சுருக்கமாக வழங்கும் பிளாஸ்டிக் வகையே அவற்றிற் பெரிதும் பயன்பட்டது. அக்கிரிலோநைத்திரைல், பியூற்றாடையீன், ஸ்ரைரீன் என்னும் மூன்று பொருள்கள் சேர்ந்து அதனை ஆக்குகின்றன. ஒரு கறிக்கு உப்பும் புளியும் உறைப்பும் வெவ்வேறு குணம் தருவது போல, இம்மூன்றும் வெவ்வேறு குணம் தருகின்றன. முதலாவது, எண்ணெய் முதலியவற்றால் எளிதிற் பாதிக்கப்படாத வன்மையை அளிக்கிறது. மூன்றாவது, மினுக்கத்தையும் அச்சில் வார்ப்பதற்கேற்ற எளிமையையும் அளிக்கிறது. இடையில் நிற்கும் பியூற்றாடையீன் ஓர் இறப்பர். கீழே விழுந்தால் உடையாத தன்மையை அளிப்பது அதுவே.

ஆனால் அந்த இறப்பரிலேதான் பலவீனமும் ஒளிந்திருக்கிறது. வெயிலிற் கிடந்த இறப்பர் வளையத்தை இழுத்துப் பார்த்தவர்கள் இதனை அறிவர். சில நாளில் அது வெடிப்புற்று, இழுத்தவுடன் அறுந்துவிடும். இறப்பரின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. காற்றிலுள்ள ஒட்சிசன் அவற்றின் அயலில் எளிதாகத் தாக்குகின்றது. கண்ணுக்குப் புலப்படாத கழியூதாக் கதிர்களும் வெப்பமும் அதற்குத் துணைபோகின்றன. ஏ.பி.எஸ்.சில் உள்ள இறப்பருக்கும் இதே கதிதான்.

ஒட்சிசன் தாக்கிய இடத்திற் புதிய இரசாயனக் கூட்டங்கள் தோன்றுகின்றன. அவற்றுட் சில வெள்ளொளியில் அடங்கிய நீலப் பகுதியை விழுங்கிக்கொள்பவை. நீலம் போக எஞ்சிய ஒளி கண்ணுக்கு மஞ்சளாகத் தோன்றுகிறது. ஆகவே மஞ்சள் என்பது மேலே படிந்த அழுக்கன்று. அது பொருளின் உடலிலேயே ஏற்பட்ட மாற்றம்.

இத்தாக்குதல் ஒருமுறை நடந்து ஓய்வதுமன்று. ஒட்சிசன் தாக்கிய இடத்தில் தோன்றும் நிலையற்ற பொருள்கள் உடைந்து அயலிலுள்ள மூலக்கூறுகளையும் தாக்குகின்றன. ஒரு வீட்டில் பற்றிய தீ அடுத்த கூரைக்குத் தாவுவது போன்றது இது. இதனைத் தடுக்கவே உற்பத்தியாளர் ஒட்சியேற்றத் தடுப்பான்களைப் பிளாஸ்டிக்கிற் சேர்க்கின்றனர். அவை காவற்காரர் போன்றவை. ஆனால் எதிரியை எதிர்க்கும் ஒவ்வொரு முறையும் அவையும் செலவாகிக் குறைந்து போகின்றன. காவல் முடிந்த நாளில் மஞ்சள் விரைந்து படரத் தொடங்குகிறது.

மஞ்சளுக்குக் காரணம் புரோமீன் என்று கூறுவோர் பலர். மின்கருவிகள் தீப்பற்றாதிருக்கும் பொருட்டுப் புரோமீன் அடங்கிய தீத்தடுப்புப் பொருள்கள் அப்பெட்டிகளிற் சேர்க்கப்பட்டது உண்மையே. அவை ஒளியினாற் சிதைந்து நிறமாற்றத்தை விரைவுபடுத்தக்கூடும் என்பதும் உண்மையே. எனினும் முழுப் பழியையும் அதன்மேற் சுமத்துதல் பொருந்தாது. பிள்ளைகள் அடுக்கி விளையாடும் ஏ.பி.எஸ். கட்டைகளுக்கு இத்தகைய தீத்தடுப்புத் தேவையில்லை. ஆயினும் அவற்றுள் வெள்ளைக் கட்டைகளும் வெயிலில் மஞ்சளாகின்றன. அக்கட்டைகளில் இருப்பது அந்த இறப்பர்தான்.

பொருளின் கலவை எவ்வளவு வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு மற்றொரு சான்று உண்டு. நின்ரென்டோவின் அக்கருவிகளுட் சிலவற்றில் மேல்மூடி முழுதும் மஞ்சளாகியிருக்க, அதே பெட்டியின் அடித்தட்டு பிறந்த நாளின் சாம்பல் நிறத்துடனேயே இருக்கும். இரண்டும் ஒரே வீட்டில், ஒரே அலுமாரியில் இருந்தவை. வேறுபட்டது அவை வார்க்கப்பட்ட பிளாஸ்டிக்கின் தொகுதியே.

இனி வெளுக்கும் முறையைக் கவனிப்போம் எனின், அதன் வரலாறு 2000களின் பிற்பகுதியில் தொடங்குகிறது. ஐதரசன் பேரொட்சைட்டுக் கரைசலில் சில நாள் கிடந்த மஞ்சள் பிளாஸ்டிக் வெளுத்துப்போனதைப் பழைய கணினி ஆர்வலர் சிலர் தற்செயலாகக் கண்டனர். பின்னர் பலர் கூடி அதனை ஒரு முறையாக வகுத்தனர். 'ரெற்றோபிறைற்' என அதற்குப் பெயரும் இட்டனர். ஐதரசன் பேரொட்சைட்டு புதிய பொருளன்று. 1818இல் லூயி ழாக் தெனார் என்னும் பிரெஞ்சு அறிஞர் அதனைக் கண்டறிந்தார். நீரிலும் ஓர் ஒட்சிசன் அணுவைக் கூடுதலாகக் கொண்டது அது. அந்தக் கூடுதல் ஒட்சிசன் அடங்கியிருப்பதில்லை. பிரிந்து செல்வதற்கு எந்நேரமும் காத்திருக்கும். ஒளி பட்டால் மேலும் விரைவிற் பிரியும். மருந்துக்கடையில் அது கபிலநிறப் போத்தலில் இருப்பதன் காரணம் இதுவே.

காயம் கழுவுவதற்கு நூற்றுக்கு 3 பங்குக் கரைசல் பயன்பட்டது. தலைமயிரை வெளுப்பிக்க நூற்றுக்கு 12 பங்கு வரை செறிந்த களிம்பு சிகையலங்காரக் கடைகளிற் கிடைக்கிறது. கணினி ஆர்வலர் இக்கரைசலில் பெட்டியை ஊறவைப்பர். அல்லது களிம்பைப் பூசி மெல்லிய பிளாஸ்டிக் தாளாற் சுற்றி வெயிலில் வைப்பர். வெயிலில்லாதவிடத்துக் கழியூதா விளக்கைப் பயன்படுத்துவர். சலவைத் தூளில் உள்ள ஊக்கி ஒன்றைச் சிறிதளவு சேர்ப்பாரும் உளர். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ மஞ்சள் மறைந்து பழைய நிறம் தோன்றும். கண்டோர் மகிழ்ச்சியிற் கைதட்டுவதில் வியப்பில்லை.

ஆனால் அங்கே நடந்தது யாது? நீல ஒளியை விழுங்கிய கூட்டங்களை ஐதரசன் பேரொட்சைட்டு உடைத்துவிட்டது. உடைந்தவை இப்போது ஒளியை விழுங்குவதில்லை. ஆதலின் மஞ்சள் தெரிவதில்லை. எனினும் அறுந்த இறப்பர்ச் சங்கிலி மீண்டும் பொருந்தவில்லை. செலவான காவற்பொருள்கள் திரும்பி வரவில்லை. நரைத்த தலைக்குச் சாயம் பூசியவர் இளமை பெறுவதில்லை. நரை மட்டுமே மறைகிறது. அது போல இங்கும் நிறம் போயிற்று, முதுமை போகவில்லை.

இதிலிருந்தே நீண்டகால விளைவுகள் மூன்று பிறக்கின்றன.

முதலாவது விளைவு, மஞ்சள் திரும்பி வருதல். வெளுத்த பெட்டிகளுட் சில பல ஆண்டுகள் வெண்மையாகவே இருக்கின்றன. வேறு சில ஓராண்டிலோ ஈராண்டிலோ மறுபடியும் மஞ்சளாகின்றன. வெயில் படாமற் பெட்டிக்குள் மூடி வைத்தவையும் இதற்கு விலக்கல்ல என்பதே பலருக்குப் பெரும் ஏமாற்றம். தாக்குதலைத் தொடங்கி வைக்க ஒளி உதவிற்று. தொடங்கியது தொடர்வதற்கு ஒட்சிசனும் வெப்பமும் போதும். அவை இருளிலும் உண்டு. பொதுவாக இரசாயனத் தாக்கங்களுட் பல வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயர்ந்தால் ஏறத்தாழ இருமடங்கு விரைவுபெறும். கூரையின் கீழ் வெக்கையில் அடைத்து வைத்த கணினி, குளிர்ந்த அறையிலிருக்கும் கணினியைக் காட்டிலும் விரைவில் முதுமையடைவதன் காரணம் இதுவே.

இத்தகைய மீட்சி வேறு பொருள்களிலும் அறியப்பட்டதொன்று. மரக்கூழை ஐதரசன் பேரொட்சைட்டால் வெளுத்துச் செய்த மலிவான தாள் வெயிலில் மீண்டும் பழுக்கிறது. அம்மரத்திலுள்ள இலிக்னின் அகற்றப்படாமல் உள்ளேயே இருப்பதுதான் காரணம். ஆளிவிதை எண்ணெயிற் குழைத்த வெள்ளை வண்ணம் இருட்டறையில் மஞ்சளாகி, வெளிச்சத்திற் கொணர்ந்தால் ஓரளவு தெளிவதை ஓவியர் நெடுங்காலமாக அறிவர். மஞ்சளான ஏ.பி.எஸ்.சும் எந்த இரசாயனமும் பூசாமல் வெயிலில் வைத்த அளவிலேயே சற்று வெளுப்பதுண்டு. கழியூதாக் கதிர் மஞ்சளை வளர்க்க, கண்ணுக்குத் தெரியும் நீல ஒளி அம்மஞ்சளைக் கரைக்கிறது. ஒரே வெயில் ஒரு கையாற் கொடுத்து மறு கையால் வாங்குகிறது. ஆகவே ஒருநாள் வெயிலிற் கண்ட வெண்மையை நிலையான மருந்து எனக் கொள்ளல் தவறு.

இரண்டாவது விளைவு, திட்டுத்திட்டான நிறம். களிம்பு ஓரிடத்திற் காய்ந்து மற்றோரிடத்தில் ஈரமாக இருந்தாலும், சுற்றிய தாளிற் சுருக்கங்கள் விழுந்தாலும், வெளுப்பு ஒரே சீராக அமைவதில்லை. மேகம் படிந்தாற் போலவும் பளிங்குக் கல்லில் ஓடும் கோடுகள் போலவும் தடங்கள் தோன்றும். மஞ்சள், ஒரு பெட்டி முழுவதும் ஒத்துப் படர்ந்திருந்தாற் கண்ணுக்கு அத்துணைக் குறையாகத் தோன்றாது. இத்தடங்களோ அவ்வாறல்ல. நிறம் கூடுதலாகப் போன இடத்தில் அதனைத் திரும்ப வைக்க எவராலும் இயலாது. நிறமூட்டிய விசைகளும் அச்சிட்ட எழுத்துகளும் ஒட்டிய சீட்டுகளும் மங்கிப்போதலும் உண்டு.

மூன்றாவது விளைவு எளிதிற் கண்ணுக்குப் புலப்படாதது. ஆனால் மிக முக்கியமானது. அதுவே உடையுந்தன்மை. கழியூதாக் கதிர் பட்ட ஐதரசன் பேரொட்சைட்டு, சுயாதீன மூலிகங்கள் எனப்படும் மிகு வேகம் கொண்ட துணுக்குகளாகப் பிரிகிறது. அத்துணுக்குகள் மஞ்சட் கூட்டங்களை மட்டும் தேர்ந்து தாக்கும் என்பதற்கு உறுதியில்லை; நல்ல சங்கிலிகளையும் அவை அறுக்க வல்லவை. பழைய கணினிப் பெட்டிகளில் உட்புறம் சிறு கொளுக்கிகள் உண்டு. மூடியை அடித்தட்டுடன் பிணைத்து நிற்பவை அவை. அவை முறிந்தால் அப்பெட்டியைச் சீராக மூட முடியாது. அம்முறிவுக்குக் காரணம் வெளுப்பா, முதுமையா என்பதில் ஆர்வலரிடையே கருத்து வேறுபாடு உண்டு. வெளுப்பதற்கு முன்னரே இறப்பர் பெரிதும் சிதைந்திருந்தது என்பர் சிலர். அவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் அதிலிருந்து பெறும் பாடம் ஒன்றே: முன்னரே நலிந்த பொருளின்மேல் மேலும் ஒரு சுமையை ஏற்றுவது நன்றன்று.

ஒருவர் தமது இளமைக்காலக் கணினியை வெளுக்கிறார் எனக் கொள்க. ஈராண்டில் மஞ்சள் திரும்புகிறது. மீண்டும் வெளுக்கிறார். மூன்றாம் முறையும் வெளுக்கிறார். ஒவ்வொரு முறையும் நிறம் திரும்பக் கிடைக்கிறது; ஒவ்வொரு முறையும் மேற்பரப்பின் ஒரு பகுதி செலவாகிறது. மினுக்கம் குன்றி, பெட்டி சுண்ணாம்பு பூசிய சுவர் போலாகிறது. முடிவில் அவரிடம் எஞ்சுவது வெண்மையான ஒரு பெட்டி. ஆனால் திருகாணியைச் சற்று இறுக்கினால் வெடிக்கும் பெட்டி. அவ்வகைப் பெட்டிகளுட் பலவற்றை எந்தத் தொழிற்சாலையும் இன்று வார்ப்பதில்லை. 1994இல் கொமடோர் நிறுவனமே மூடப்பட்டுவிட்டது. இழந்தால் இழந்ததுதான்.

அருங்காட்சியகங்களிற் பழம்பொருள் பேணுவோர் இவ்விடயத்தில் வேறு நெறியைக் கைக்கொள்கின்றனர். செய்த திருத்தத்தைத் திரும்ப நீக்கக் கூடியதாக இருத்தல் வேண்டும், தேவைக்கு மேல் எதுவும் செய்தல் ஆகாது என்பன அவர்தம் தொழிலின் அடிப்படைகள். வெளுப்பு முதல் நெறிக்கே மாறானது; ஏனெனில் அதனைத் திரும்ப நீக்க முடியாது. பிளாஸ்டிக் என்றும் அழியாது என்னும் எண்ணம் ஒரு காலத்தில் அருங்காட்சியகங்களிலும் இருந்தது. அவ்வெண்ணம் இன்று இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆதரவில் 2008ஆம் ஆண்டில் தொடங்கிய 'பொப்ஆர்ட்' என்னும் ஆய்வுத் திட்டம், அருங்காட்சியகங்களில் உள்ள பிளாஸ்டிக் பொருள்கள் சிதையும் வகையையும், அவற்றைத் துப்புரவு செய்யும் வகையையும் பல நாட்டு அறிஞரைக் கொண்டு ஆராய்ந்தது. மரத்தையும் ஓவியத்தையும் போலப் பிளாஸ்டிக்கும் பேணப்படவேண்டிய பொருள் என்பது இன்று ஐயத்துக்கிடமின்றி ஏற்கப்பட்ட உண்மை.

இவ்வாறாயின், வீட்டில் ஒரு பழைய கருவியை வைத்திருப்பவர் செய்யத்தக்கது யாது?

முதலாவது, அழுக்கையும் முதுமையையும் பிரித்தறிதல். பீடி, சுருட்டு, சிகரெட்டுப் புகையும் சமையற் புகையும் படிந்த மஞ்சள் வேறு. பொருளின் உடலில் ஏறிய மஞ்சள் வேறு. இளஞ்சூடான நீரில் மென்மையான சவர்க்காரம் கரைத்து, மின்பகுதிகளைக் கழற்றிய பின், மெல்லிய துணியால் வெறும் பெட்டியைத் துடைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். துணி மஞ்சளானால் போனது புகை. துணி வெள்ளையாகவே இருந்தால் அம்மஞ்சள் துடைத்துப் போகாதது. பெட்டியின் உட்புறத்தையும், ஒட்டுச்சீட்டின் விளிம்பையும் வெளிப்புறத்தோடு ஒப்பிட்டால் நிறம் எவ்வளவு மாறியுள்ளது என்பதும் விளங்கும்.

இரண்டாவது, பொருளின் அருமையை எண்ணிப் பார்த்தல். கொமடோர் 64 ஒரு கோடிக்கு மேல் விற்பனையான கருவி. அத்தகைய கருவி ஒன்றை அன்றாடம் பயன்படுத்துபவர், விளைவை அறிந்து ஒருமுறை வெளுப்பதிற் பெருந்தவறில்லை. ஆனால் மிகச் சிலவே எஞ்சியுள்ள கருவியையும், ஒருவரின் வாழ்க்கையோடு பிணைந்த கருவியையும் தொடாதிருப்பதே நன்று.

மூன்றாவது, வெளுப்பவர் காக்கவேண்டிய முறைகள். செறிந்த ஐதரசன் பேரொட்சைட்டு தோலைச் சுடும்; கண்ணிற் பட்டாற் பார்வைக்கே கேடு விளையும். கையுறையும் கண்ணாடியும் இன்றி அதனைத் தொடலாகாது. பிள்ளைகள் எட்டும் இடத்தில் வைத்தலும் ஆகாது. அதிலிருந்து ஒட்சிசன் வாயு வெளிவந்துகொண்டே இருக்குமாதலின் பாத்திரத்தை இறுக மூடினால் அது வெடிக்கக்கூடும். களிம்பு பூசுவதிலும், நீர்த்த கரைசலில் முழுப் பெட்டியையும் அமிழ்த்துவதே சீரான நிறத்தைத் தரும். ஒட்டுச்சீட்டுகளையும் உலோகப் பகுதிகளையும் முன்னரே நீக்குதல் வேண்டும். மறைவான ஒரு சிறு பகுதியில் முதலிற் சோதித்துப் பார்த்தல் வேண்டும். பழைய நிறம் வந்தவுடன் நிறுத்துதல் வேண்டும். அதனினும் வெண்மையை விரும்புவது கேட்டை விரும்புவதாகும்.

நான்காவது, வெளுத்தாலும் வெளுக்காவிட்டாலும் செய்யவேண்டிய காவல். பலகணி ஓரத்தில் வைக்காதிருத்தல், நேர்வெயில் படாமற் காத்தல், வெப்பம் மிகுந்த மேல்மாடத்திலும் அடுப்படியின் அயலிலும் வைக்காதிருத்தல், குளிர்ந்து உலர்ந்த இடத்தில் வைத்தல் ஆகியன எளியவை, செலவற்றவை. எந்தக் களிம்பும் தராத நன்மையை இவை தருகின்றன. களிம்பு நேற்றைய மஞ்சளை மறைக்கிறது. காவலோ நாளைய மஞ்சளைத் தாமதப்படுத்துகிறது.

மஞ்சள் என்பது எப்போதும் குறையும் அன்று. ஒரு பக்கம் மட்டும் மஞ்சளான பெட்டி, பல ஆண்டு எந்தப் பக்கம் பலகணியை நோக்கி இருந்தது என்பதைச் சொல்கிறது. தேய்ந்த விசை, ஒரு பிள்ளை எந்த எழுத்தை மிகுதியாக அழுத்தினான் என்பதைச் சொல்கிறது. சீட்டை உரித்த இடத்தில் எஞ்சிய வெளிர்நிறச் சதுரம், அங்கே ஒருவர் தம் பெயரை எழுதி ஒட்டியிருந்ததைச் சொல்கிறது. இவை யாவும் அப்பொருள் வாழ்ந்த வாழ்க்கையின் எழுத்துகள். வெளுக்கும்போது அழுக்கு மட்டுமன்று, அந்த எழுத்துகளும் அழிகின்றன. அவற்றை அழிப்பதா, காப்பதா என்பதை முடிவு செய்யும் உரிமை உடையவருக்கே உண்டு. ஆனால் அழிப்பது யாது என்பதை அறிந்து முடிவு செய்தல் அவர் கடமை.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புவோரை உலகம் நெடுங்காலமாக எச்சரித்து வருகிறது. பழைய கணினிப் பெட்டி விடயத்திலும் அந்த எச்சரிக்கை பொருந்தும். வெண்மை கண்ணுக்கு இனியது. உறுதி கைக்கு மட்டுமே தெரிவது. இரண்டையும் ஒருங்கே பெறமுடியாத வேளையில், கண்ணின் சொல்லைக் காட்டிலும் கையின் சொல்லைக் கேட்பவரிடமே அக்கருவி நீடு வாழும்.